தம்பியின் கழுத்து நாடி கிழிந்தது; அது எனக்கும் வருமா?

வடமராட்சியிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 31 வயது. நல்ல கரப்பந்தாட்டக்காரர். சில மாதங்களுக்கு முன் ஓவர்கேம் கரப்பந்தாட்டப் போட்டியொன்று முடிந்த இரவில் இடது பக்கக் கழுத்தில் நோ தொடங்கியது. சுளுக்கு என்று நினைத்து வீட்டில் எண்ணெய் பூசினார்கள். மூன்றாம் நாள் பரியாரியாரிடம் போய்க் கழுத்தை உருவி, நெட்டி எடுப்பித்தார்கள். மறுநாள் காலை தம்பியின் இடது கண் இமை சரிந்திருப்பதை அம்மா கண்டார். நித்திரைக் குறைவாக்கும் என்று விட்டுவிட்டார்கள். மத்தியானம் சோறு பிசைந்துகொண்டிருந்த வலது கை அப்படியே ஓய்ந்து, பேச்சுக் குளறியது. அரை மணித்தியாலத்தில் அது தானாகச் சரியாகிவிட்டாலும் பயத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அது நல்ல காலம். ஸ்கானில் இடது கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்திருப்பது தெரிந்தது. இப்போது அஸ்பிரின் குடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார். கை, பேச்சு எல்லாம் பழையபடி.

வாட்டில் வைத்து வைத்தியர், "குடும்பத்தில் இளவயதில் திடீரென்று செத்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் சகோதரியின் நித்திரை போனது. அப்பா 1996 தொடக்கத்தில், இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது, 36 வயதில் இறந்தவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "முதுகு பிளக்குது" என்று கத்தினாராம்; ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். பிரேத பரிசோதனையும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

சகோதரிக்குத் தட்டுப்படாமலே தொடையிலும் கையிலும் கண்டல் வருகிறது. விரல்கள் பின்பக்கமாக நன்றாக வளையும். தம்பிக்கு அப்படி வளையாது. அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்தவர்கள்; அதனால் வந்த குறைதான் இது என்று ஊர் சொல்கிறதாம். இதற்கிடையில் சகோதரிக்கு லண்டன் மாப்பிள்ளை ஒருவர் பொருந்தி வந்திருக்கிறார். "கலியாணம் முடியுமட்டும் உந்தச் சோதனை ஒண்டும் வேண்டாம், வெளியில கதை பரவிப்போடும்" என்கிறார் மாமி. கனடாவில் இருக்கும் பெரியப்பாவோ, "நான் காசு அனுப்புறன், நீ உடனே ஜீன் ரெஸ்ற் செய்" என்கிறார். கடைசி வரிகளில், தம்பிக்கு 22 வயதில் நுரையீரலைச் சுற்றிக் காற்று நிறைந்து குழாய் போட்டதையும், நல்லூரில் தம்பி பிரதட்டை அடிப்பதாக அம்மா நேர்த்தி வைத்திருப்பதையும் எழுதி, "என்ன செய்யட்டும் டொக்டர்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது உங்கள் விரலும் இல்லை, கண்டலும் இல்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன தம்பியின் நுரையீரல் விஷயம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தம்பிக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நாடியின் சுவர் மூன்று படைகளால் ஆனது. உள்படையில் ஒரு கிழிவு விழுந்தால் இரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து, படைகளைப் பிரித்துக்கொண்டு போகும். சுவர் வீங்கும், பாதை ஒடுங்கும், கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டிபடும். அந்தக் கட்டியில் ஒரு துகள் பெயர்ந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். உங்கள் தம்பியின் வலது கை ஓய்ந்தது அப்படித்தான். இடப்பக்க மூளைதான் வலது கையை ஆள்கிறது. இமை சரிந்ததற்கும் நித்திரைக்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குப் போகும் மெல்லிய நரம்பு நார்கள் அந்த நாடியின் சுவரில் படர்ந்துதான் மேலே ஏறுகின்றன. சுவர் வீங்கியதும் அவை நசிந்துவிடும். அந்தப் பக்கத்துக் கண்மணியும் மற்றதைவிடச் சிறிதாகத் தெரிந்திருக்கும். ஒரு பக்கக் கழுத்து நோவும் அதே பக்கத்தில் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது நாடிக் கிழிவு என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் பாரிசவாதம் வந்த 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்குத்தான் இது காரணம். 50 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் ஐந்தில் ஒருவர் வரை வரும். அதனால்தான் இளம் ஆள் ஒருவர் கழுத்து நோவோடு வந்தால் நாங்கள் கண்ணைப் பார்க்கிறோம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பெரும்பாலான கிழிவுகள் மூன்று முதல் ஆறு மாதங்களில் தாமாக ஆறுகின்றன. சத்திரசிகிச்சை அநேகமாகத் தேவைப்படாது. இரத்தம் கட்டிபடாமல் தடுக்க அஸ்பிரின் போன்ற மருந்தா, வார்ஃபரின் போன்ற மருந்தா நல்லது என்று பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 250 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. இரண்டு பக்கத்திலும் மறுபடி பாரிசவாதம் வந்தவர்கள் மிகக் குறைவு. பெரிய வித்தியாசமும் காணவில்லை. ஆகவே "வெறும் அஸ்பிரினோட விட்டிட்டாங்கள்" என்று பெரியப்பா கவலைப்படத் தேவையில்லை.

பரியாரியாரைக் குற்றம் சொல்லலாமா?

உங்கள் வீட்டில் அவர் மேல் சரியான கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். கழுத்தைச் சட்டென்று திருகுவது நாடியைக் கிழிக்கலாம், அது உண்மை. ஆனால் தம்பிக்கு நோ தொடங்கியது அதற்கு மூன்று நாள் முன்னால். அநேகமாகப் போட்டியின்போதோ, அதற்கும் முன்னரோ கிழிவு தொடங்கிவிட்டது. நாடி கிழிந்த நோவைச் சுளுக்கென்று நினைத்துத்தான் ஆட்கள் உருவப் போகிறார்கள். பிறகு பாரிசவாதம் வந்ததும் உருவினவர் மேல் பழி விழுகிறது. இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. நெட்டி எடுத்தது கிழிவைப் பெரிதாக்கியதா, கட்டியை அசைத்ததா என்று இனிமேல் ஒருவராலும் சொல்ல முடியாது. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நடந்ததை மரியாதையாக அவருக்குச் சொல்லுங்கள். புதிதாக வந்த, முன்பு ஒருபோதும் இல்லாத மாதிரியான கழுத்து நோவோடு வரும் இளவயதுக்காரரைத் தொடாமல் வைத்தியசாலைக்கு அனுப்ப அவர் பழகினால், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நல்லது. முடி வெட்டும் சலூனில் கழுத்தை முறிக்கும் பழக்கத்துக்கும் இதையே சொல்வேன்.

சொந்தத்துக்குள் கலியாணமும் வளையும் விரலும்

கழுத்து நாடி கிழிந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் சொல்லக்கூடிய பரம்பரை நோய் எதுவும் இருப்பதில்லை. உயர் குருதி அமுக்கம், ஒற்றைத் தலைவலி இருப்பது, அண்மையில் வந்த காய்ச்சல் தடிமன், கடும் இருமல், சிறிய அடி என்று பல விஷயங்கள் சேர்ந்து வருகிறது. பரம்பரைத் தொடுப்பிழைய நோய் தெளிவாகக் கண்டுபிடிக்கப்படுவது 100 பேரில் ஒரு சிலருக்குத்தான்.

தொடுப்பிழையம் என்பது உடம்பை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் இழையம். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் கொங்கிறீட்டுக்குள் போடும் கம்பி மாதிரி. கம்பி மெலிந்தால், வெளியில் நன்றாகத் தெரியும் சுவரும் பாரம் தாங்காது. நாடிகளைப் பொறுத்தவரை நாங்கள் முக்கியமாகத் தேடுவது மூன்று நோய்களை. ஒன்று, மூன்றாம் வகைக் கொலாஜன் பழுதாகும் ஏலர்ஸ்-டான்லோஸ் நோயின் இரத்தக்குழாய் வகை. இரண்டாவது, உயரமும் நீண்ட விரல்களும் கண் வில்லை விலகுதலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி விரிதலும் உள்ள மார்ஃபன் நோய். மூன்றாவது, 2005-இல் விபரிக்கப்பட்ட லோய்ஸ்-டீட்ஸ் நோய். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பதும் நாடிகள் வளைந்து நெளிந்து ஓடுவதும் அதன் அடையாளங்கள். மார்ஃபன் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். மற்ற இரண்டும் இன்னும் அரிது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்றைத் தயவுசெய்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். இவற்றில் தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரு ஜீன் வந்தாலே போதும். சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததால் கூடுவது, இரண்டு பேரிடமிருந்தும் பழுதான ஜீன் வர வேண்டிய வேறு வகை நோய்கள். அம்மா அப்பாவை மச்சான் முறையில் கட்டாமல் யாரோ அந்நியரைக் கட்டியிருந்தாலும், அந்த ஆளிடம் இந்த ஜீன் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதே இரண்டில் ஒன்றுதான். இடப்பெயர்வில் புருஷனைப் பறிகொடுத்து இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்த்த அம்மாவின் தலையில் இந்தப் பழியையும் ஊர் ஏற்ற வேண்டாம்.

விரல் விஷயத்தில் நீங்கள் இரண்டு பக்கமும் பிழையாக விளங்கியிருக்கிறீர்கள். மூட்டு நன்றாக வளையும் ஆட்கள் எங்கள் சனத்தில் தாராளம். அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் நாடிகள் சுகமாகவே இருக்கின்றன. மறுபக்கம், ஏலர்ஸ்-டான்லோசின் இரத்தக்குழாய் வகையில் பெரிய மூட்டுகள் பெரிதாக வளையாது; விரல் போன்ற சிறிய மூட்டுகள் வளையலாம், வளையாமலும் இருக்கலாம். ஆகவே உங்கள் விரல் வளைவது தனியே நோய்க்குச் சாட்சி அல்ல. தம்பியின் விரல் வளையாதது அவர் தப்பிவிட்டார் என்பதற்கும் சாட்சி அல்ல.

இப்போது நுரையீரலுக்கு வருகிறேன். அடி எதுவும் படாமல் நுரையீரலைச் சுற்றிக் காற்று நிறைவது, மெலிந்து உயர்ந்த இளைஞர்களுக்குச் சும்மாவும் வரும். அதே ஆளுக்கு ஒன்பது வருடம் கழித்து நாடி கிழிகிறது. தகப்பன் 36 வயதில் முதுகு பிளக்கிற நோவோடு இறந்திருக்கிறார். தமக்கைக்குக் காரணமில்லாமல் கண்டல் வருகிறது. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணம் சொல்லலாம். நான்கையும் ஒரே வீட்டில் சேர்த்துப் பார்க்கிறபோது என்னால் "தற்செயல்" என்று விட முடியவில்லை. அப்பாவுக்கு வந்தது மாரடைப்பாகவும் இருந்திருக்கலாம். பெருநாடி கிழிந்தாலும் அப்படித்தான் இருக்கும். நெஞ்சில் தொடங்கி முதுகுக்கு ஓடும், கிழிக்கிற மாதிரியான நோ. அந்தக் காலத்தில், அந்த இடத்தில், அதைப் பிரித்தறிய யாருக்கும் வழி இருக்கவில்லை.

ஆகவே உங்கள் முதற் கேள்விக்கு என் பதில்: பொதுவாக இது பரம்பரையாக இருக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் உங்கள் குடும்பத்தில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வாட்டு வைத்தியர் கேட்டது சரியான கேள்வி. அவருக்கு நீங்கள் நுரையீரல் கதையைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லவில்லையென்றால் அடுத்த கிளினிக்கில் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அந்த நேரத்து டயக்னோசிஸ் கார்ட் வீட்டில் இருந்தால் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் யாருடைய இரத்தம்?

பெரியப்பாவின் அன்பு பெரிது. ஆனால் அவர் சொல்கிற ஒழுங்கு பிழை. நீங்கள் முதலில் ஜீன் பரிசோதனை செய்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், அதற்கு என்ன அர்த்தம்? குடும்பத்தில் நோயே இல்லையா, நோய் இருந்தும் உங்களுக்கு வரவில்லையா, தேட வேண்டிய ஜீனே அந்தப் பரிசோதனையில் இல்லையா? மூன்றில் எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நோய் வந்தவரைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். தம்பியிடம் மாற்றம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், பிறகு உங்களிடம் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். அப்போது வரும் "இல்லை" என்பது உண்மையான இல்லை.

இரத்தத்துக்கும் முன்னால் கண்ணாலும் கையாலும் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தோல், உள்நாக்கு, விரல்கள், கண் வில்லை, பழைய காயத் தழும்புகள் எல்லாவற்றையும் வைத்தியர் ஆறுதலாகப் பார்க்க வேண்டும். தோல் மெலிந்து நாளங்கள் தெரியும் என்று புத்தகங்களில் இருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. எங்கள் நிறத்தில் அது இலகுவில் தெரியாது. மேல் நெஞ்சிலும் முழங்கையின் உட்பக்கத்திலும் நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். தம்பிக்கும் உங்களுக்கும் எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கான்) செய்து பெருநாடியின் விட்டத்தை அளக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. எக்கோ நன்றாக இருந்தாலும் இரத்தக்குழாய் வகையை அது விலக்காது. அதனால் தம்பிக்கு மற்ற நாடிகளையும் சி.ரி. அல்லது எம்.ஆர். ஸ்கானில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஜீன் பரிசோதனை அநேகமாகக் காசு கட்டித்தான் செய்ய வேண்டியிருக்கும். பெரியப்பாவின் காசை அதற்கு, தம்பியின் பெயரில், பயன்படுத்துங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது; உங்கள் நிபுணரிடம் கேட்டு அங்கே ஒரு கடிதத்தோடு போய், பரிசோதனைக்கு முன்னரே அவர்களோடு கதைப்பது நல்லது. ஏனென்றால் பதில் "ஆம்", "இல்லை" என்று மட்டும் வராது. "மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெளிவில்லை" என்றும் வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் தெற்காசியர்கள் குறைவு என்பதால் எங்களுக்கு அப்படி வருவது அதிகம். அந்தப் பதிலை வைத்து வாழ்க்கை முடிவு எதையும் எடுக்கக்கூடாது.

"ஆம்" என்று வந்தால்? இணையத்தில் தேடுவீர்கள், இரத்தக்குழாய் வகைக்குச் சராசரி ஆயுள் 50 வயதை ஒட்டியது என்று இருக்கும். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஏற்கெனவே நாடி வெடித்தோ குடல் கிழிந்தோ வந்தவர்களிடமிருந்து எடுத்தது. முன்னரே தெரிந்து, குருதி அமுக்கத்தைக் கட்டுப்படுத்தி, வருடம் தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்களை அது சரியாகக் காட்டாது. செலிப்ரோலோல் என்ற மருந்தை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இந்த வகை நோயுள்ள 53 பேரில் சோதித்த ஆய்வு 2010-இல் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 20 வீதமானோருக்கும் எடுக்காதவர்களில் 50 வீதமானோருக்கும் நாடிச் சிக்கல்கள் வந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாத நிலை இது இல்லை.

கலியாணப் பேச்சு

மாமியின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் ஊரில் ஒரு கதை எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய யோசனையை என்னால் ஏற்க முடியாது. காரணம் கலியாணம் இல்லை, கர்ப்பம். இரத்தக்குழாய் வகை உள்ள பெண்களுக்குக் கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நாடியோ கருப்பையோ கிழியும் ஆபத்து உண்டு. 100 பிரசவங்களில் 5 அளவில் தாய் இறந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. மார்ஃபனில் பெருநாடி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். முன்னரே தெரிந்தால் பிள்ளை பெறுவதா, எங்கே, எப்படிப் பெறுவது என்று திட்டமிடலாம். தெரியாமல் லண்டனில் ஏழாம் மாதத்தில் தெரிய வருவதுதான் மோசம்.

தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தி இரத்தம் எடுக்க முடியாது. அப்படி முடிவெடுத்தால், தம்பிக்கு "ஆம்" என்று வந்த பிறகு உங்களுக்கும் இருப்பதாகவே நினைத்து எக்கோவும் மற்றக் கவனிப்பும் தொடர வேண்டும். உங்கள் முடிவு எதையும் நாங்கள் மாமிக்கோ மாப்பிள்ளை வீட்டாருக்கோ சொல்ல மாட்டோம். தம்பியின் பரிசோதனை முடிவு தம்பியுடையது; அவர் சம்மதித்தால்தான் அது உங்களுக்கே வரும்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா? இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சந்தேகத்தை வைத்து ஒருவரையும் பயப்படுத்த வேண்டாம். தம்பியின் பதில் வரும் வரை நாள் குறிக்காமல் கொஞ்சம் பிந்திப் பாருங்கள். லண்டன் விசாக் கதைகளுக்குள் சில மாதம் பெரிய விஷயம் இல்லை. உங்களுக்கும் இருப்பது உறுதியானால், மாப்பிள்ளைக்கு நேரடியாக, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூட்டி வைத்துச் சொல்லத் தேவையில்லை. அவர் கேள்வி கேட்க விரும்பினால் உங்களோடு கிளினிக்குக்கு வரட்டும்.

பதில் வரும் வரை

தம்பி கழுத்தை யாரிடமும் உருவவோ முறிக்கவோ கொடுக்கக்கூடாது. பாரம் தூக்குவதும் கரப்பந்தாட்டமும் இப்போதைக்கு இல்லை. அடுத்த ஸ்கானில் நாடி ஆறியிருந்தால், பரம்பரை நோயும் இல்லையென்றால், திரும்பப் போவதைப் பற்றிப் பேசலாம். வேலைத்தளத்தில் மூட்டை தூக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வைத்தியச் சான்றிதழ் கேளுங்கள். பிறஷரை வாரம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

சிப்ரோஃபுளொக்சசின், லீவோஃபுளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் மருந்துகளை மார்ஃபன், ஏலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்கள் வேறு வழி இருந்தால் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. சலக்கடுப்புக்கும் வயிற்றோட்டத்துக்கும் இங்கே சாதாரணமாக எழுதுகிற மருந்து அது. ஆகவே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே "பரம்பரைத் தொடுப்பிழைய நோய் சந்தேகம்" என்று வைத்தியரைக் கொண்டு எழுதுவியுங்கள். பல் பிடுங்கப் போனாலும், குடலுக்குள் கமரா விடச் சொன்னாலும், நாடிக்குள் குழாய் விடச் சொன்னாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் கொப்பியிலும் அதே வரி இருக்கட்டும். கண்டலுக்காக இரத்தம் உறையும் பரிசோதனையும் ஒருமுறை செய்யுங்கள். அது முற்றிலும் வேறு காரணத்தால் வருவதாகவும் இருக்கலாம்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஓய்ந்தால், பேச்சுக் குளறினால், நெஞ்சில் அல்லது முதுகில் பிளக்கிற நோ வந்தால், உடனே 1990-க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். போன முறைபோல அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதா இல்லையா என்று முடிவெடுக்க எங்களுக்கு 4.5 மணித்தியாலம்தான் இருக்கிறது. அதில் பாதி வீட்டு வாசலிலேயே போய்விடக்கூடாது.

பெரியப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் அப்பாவின் சொந்தத் தமையன் என்பதால், தம்பிக்கு "ஆம்" என்று வந்தால் அவரும் அவருடைய பிள்ளைகளும் கனடாவில் தங்கள் வைத்தியரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் நேர்த்திக்கு வருகிறேன். இந்த வருடம் தம்பி பிரதட்டை அடிக்கக்கூடாது. வீதி முழுக்க உருளும்போது கழுத்து நூற்றுக்கணக்கான தடவை பக்கத்துக்குப் பக்கம் திரும்பும். ஆறிக்கொண்டிருக்கும் நாடிக்கு அது ஆகாது. வைத்தது அம்மா. கோயிலில் ஐயரோடு கதைத்து, தம்பியின் பெயரில் அர்ச்சனையாகவோ அன்னதானமாகவோ அதைத் தீர்க்கலாம். தம்பியும் சாமி வெளிவீதி சுற்றும்போது பின்னால் நடந்து போகட்டும், நடப்பதில் ஒரு தடையும் இல்லை. அடுத்த வருடத்துக் கதையை அடுத்த ஸ்கானுக்குப் பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து கிளினிக்கில் கேளுங்கள்.